தொண்ணூறு டிகிரி போதுமா?

ஜோகுபாளையத்திலிருந்து பஸ் பிடித்துப் போய், பொம்மசந்திரா ஃபேக்டரியில் இரும்புத் தண்டுகளை உலையில் பதப்படுத்தும் பிரிவில் இருபது வருஷம் ஓட்டியவர் சுந்தரமூர்த்தி. சூட்டைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. 2004-இல் ஒரு டாக்டர் எடுத்தார்.

காலேஜில் படிக்கும் மகள் பிரபாவின் தொடையெலும்புக்குள் பட்டாணி அளவில் ஒரு கட்டி. புற்று இல்லை. ஆனால் பகலில் நன்றாக நடப்பவள், ராத்திரி படுத்தால் போச்சு. இரண்டு வருஷமாக அதே வலி. ஒரு ஆஸ்பிரின் போட்டால் அடங்கும். டம்ளரும் மாத்திரையுமாக எழுந்து போவது சுந்தரமூர்த்திதான். "ஒரு மாத்திரையில போற வலிக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?" என்று ஆரம்பத்தில் அவளை ஏசியும் இருக்கிறார். ஆஸ்பிரினுக்கு அடங்குவதுதான் அந்தக் கட்டியின் அடையாளமே என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, அந்த ஏச்சு அவரையே குத்திக்கொண்டிருந்தது.

"ஸ்கேன்ல பாத்துக்கிட்டே எலும்புக்குள்ள ஒரு ஊசியை விடுவோம். முனையைச் சூடாக்குனா கட்டி செத்துடும்," என்றார் டாக்டர்.

"எத்தனை டிகிரி சார்?"

"தொண்ணூறு. ஆறு நிமிஷம்."

சுந்தரமூர்த்திக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவருடைய உலை எண்ணூற்றைம்பதுக்குக் கீழே இறங்கினால் சூப்பர்வைசர் ஓடி வருவார். "தொண்ணூறுல டீகூட கொதிக்காது சார். கொஞ்சம் ஏத்தி வைங்களேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். "அது இரும்பு. இது உங்க பொண்ணு."

மறுநாள் மயக்கம் கொடுத்து வேலையை முடித்தார்கள். தொடையில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி, அவ்வளவுதான். தையல்கூட இல்லை. இதில் என்ன பெரிதாக நடந்திருக்கும் என்று அவருக்கு நம்பிக்கை வரவில்லை. சட்டைப் பையில் மாத்திரையோடு கட்டிலருகே உட்கார்ந்தவர், எப்போது கண்ணயர்ந்தார் என்று அவருக்கே தெரியாது.

விழித்தபோது ஜன்னலில் வெயில். பதறிப்போனார். ராத்திரியெல்லாம் தன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, வலியில் துவண்டு கிடக்கிறாளோ! டம்ளரில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். "பிரபா! எழுந்திரு கண்ணு, மாத்திரை!"

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "எதுக்கு?"

"வலிக்கலையா?"

"இல்ல. இப்பத்தான் நல்லா தூங்குறேன், அதுக்குள்ள எழுப்புற! போப்பா!" போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

வராந்தாவில் நின்று அழுதுகொண்டிருந்தவரைப் பார்த்து நர்ஸ் பியாட்ரிஸ் ஓடி வந்தாள். "என்ன ஆச்சுண்ணா?"

"எம் பொண்ணு என்னைத் திட்டிட்டாம்மா," என்றார் சுந்தரமூர்த்தி, வாயெல்லாம் சிரிப்பாக.