நார்த்தம் ஃபைவுக்கு ஒரு துண்டுச் சீட்டு

“அதான் சொல்றேன், நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நான் இதே ஃபெரில திரும்பிடுறேன்,” என்றார் அப்பா.

“கச்சேரி டிக்கெட்ட என்ன செய்ய? கடல்ல போடவா?”

“யாராச்சும் வாங்கிக்குவாங்க லா.”

“வாங்க மாட்டாங்க. பேசாம வாங்க,” என்றாள் அம்மா.

பட்டர்வொர்த்தில் ஏறிய நாங்கள் பாதிக் கடலைத் தாண்டியிருந்தோம். அப்பா கார்த்திகேசு கம்பியைப் பிடித்தபடி வந்த கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா புஷ்பவள்ளி எதிர்க்கரையைப் பார்த்தாள். கோயில் கச்சேரிக்குக் கட்டும் அரக்குப் பட்டு, தலை நிறைய மல்லிகை. அன்று மாலை எதிர்க்கரைத் தீவின் ஜார்ஜ் டவுனில் அறுபதுகளின் ராக் அண்ட் ரோல் குழுக்கள் ஒன்றுகூடிப் பாடவிருந்தன. அவற்றில் ஒன்று நார்த்தம் ஃபைவ். அதன் டிரம்மர் ஒருகாலத்தில் என் அப்பா.

எனக்கு இது தெரிந்ததே போன மாதம்தான். கொட்டு அடிக்கிறவனுக்குப் பெண் தர மாட்டேன் என்று அம்மாவின் அப்பா சொல்லிவிட்டாராம். அப்பா டிரம் செட்டை விற்றார், ரயில்வே வேலையில் சேர்ந்தார், கல்யாணம் நடந்தது. நண்பர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வாரம் வைத்திருந்த நிகழ்ச்சிக்கு அவர்கள் டிரம்மர் இல்லாமல் போய் நின்றார்களாம். அதன் பிறகு தீவுக்கு வரும்போதெல்லாம் அப்பா அவர்கள் இருக்கும் தெருக்களைத் தவிர்த்துச் சுற்று வழியில்தான் போவார். அவர்கள் தன்னை மன்னிக்க மாட்டார்கள் என்பது அவருடைய முடிவு. கேட்டுப் பார்த்ததில்லை.

மண்டபத்தில் கடைசி வரிசைதான் வேண்டும் என்றார். அங்கேயே உட்கார்ந்தோம்.

மூன்றாவதாக நார்த்தம் ஃபைவ் வந்தது. பாடகர் நூர் முகம்மதுக்குத் தலையில் முடியே இல்லை. நீலக் கோட்டுக்குப் பொத்தான் போட முடியவில்லை. கிட்டார் கமால் இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றி அணிந்தார். டிரம்ஸில் யாரோ ஓர் இளைஞன். முதல் பாட்டு தொடங்கியதும் முன்வரிசைச் சீன ஆன்ட்டிகள் கைப்பைகளை நாற்காலியில் வைத்துவிட்டு ஆட எழுந்தார்கள். வயதானவர்களின் குரல் இத்தனை வெளிச்சமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

அம்மா தொடையில் தாளம் போட ஆரம்பித்தாள். ஒரு தட்டு, மூன்று விரல், தட்டி ஒரு திருப்பு, மறுபடி தட்டி ஒரு திருப்பு. ஆதி தாளம். பாட்டின் அழுத்தம் அதில் விழாமல் வழுக்கிக்கொண்டே போனது. பக்கத்தில் அப்பா அவஸ்தைப்படுவது எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஒண்ணுல அடிக்காத. ரெண்டுல, நாலுல.”

அவளுடைய கையாலேயே அவள் தொடையில் தட்டிக் காட்டினார். ஒன்றை விட்டு இரண்டில், மூன்றை விட்டு நான்கில். அவர் குதிகாலும் தரையில் அடித்துக்கொண்டிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கொட்டி அம்மா கேட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அவள் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை புதிதாக இருந்தது.

பாட்டு முடிந்ததும் அம்மா என்னிடம் பேனா கேட்டாள். நிகழ்ச்சித் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். நான் எட்டிப் பார்த்துப் படித்தேன்.

‘ஐயா, தங்கள் பழைய டிரம்மர் கார்த்திகேசு கடைசி வரிசையில் இருக்கிறார். அவர் விட்டுப் போனதற்குக் காரணம் என் வீட்டார். அவர்மேல் கோபம் வேண்டாம். அவரை ஒரு பாட்டுக்கு வாசிக்கச் சொல்லும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

நான்காக மடித்து முன்னால் இருந்தவரின் தோளைத் தட்டிக் கொடுத்தாள். கோயில் கச்சேரியில் விருப்பப் பாட்டுக்குச் சீட்டு அனுப்புவது அப்படித்தான். அது என்ன பழக்கம் என்று இந்த மண்டபத்தில் யாருக்குத் தெரியும்? ஒரு மலாய்க்காரர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தன் மனைவியிடம் கொடுத்தார். ஒரு சீனர் யாரோ தவறவிட்டது என்று எண்ணித் திருப்பி அனுப்பினார். அம்மா எழுந்து நின்று, மேடைக்கு, மேடைக்கு என்று கையை ஆட்டினாள்.

“என்ன எழுதின?” என்றார் அப்பா.

“விருப்பப் பாட்டு.”

“இங்க அதெல்லாம் கிடையாது, வள்ளி.”

அடுத்த பாட்டு முடியும்போது சீட்டு கமாலிடம் போய்ச் சேர்ந்தது. அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது போலும்; தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், கண்ணாடியை மாற்றிப் பார்த்தார், நூர் முகம்மதுவிடம் நீட்டினார். நூர் முகம்மது வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார். மறுபடியும் படித்தார். கமாலின் காதில் ஏதோ சொன்னார். கமால் கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, நெற்றியில் கை வைத்து எங்கள் பக்கம் தேடத் தொடங்கினார். டிரம்ஸ் இளைஞன் தானாகவே எழுந்து நின்றான்.

அப்பாவின் குதிகால் நின்றுவிட்டது. அவர் அம்மாவின் கையை மறுபடியும் பிடித்துக்கொண்டார்.

நூர் முகம்மது மைக்கை வாயருகே கொண்டுவந்தார். முதலில் மூச்சுதான் கேட்டது.

“கார்த்தி, அன்னிக்கு நாங்க ராத்திரி பூரா உனக்குக் காத்திருந்தோம்டா. உனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டோம், கோபமெல்லாம் இல்ல. ஒரே ஒரு பாட்டு. மேல வா லா.”