மழைத் தோணிப் படத்தின் பின்பக்கம்

வலது தோள் கடுத்தது. மூன்று நாள் சுவர் உடைத்த சம்மட்டி இன்னும் அதற்குள் விழுந்துகொண்டிருப்பது போல ஒரு குத்தல். அந்தத் தோளிலேயே சட்டம் போட்ட ஒரு படத்தைச் சாய்த்துப் பிடித்தபடி, கூட வேலை செய்யும் நஸீரின் மோட்டார் சைக்கிளில் நாவற்குடாவிலிருந்து பாசிக்குடா வரை வந்திருந்தான் ஜொய்சன்.

பழைய வீட்டை உடைத்துத் தந்ததற்குக் கூலி கொடுக்க பீற்றிஸ் ரீச்சரிடம் காசில்லை. "உள்ளுக்குக் கிடக்கிற சாமானை எடுங்க மனே" என்றுவிட்டார். அப்படிக் கிடைத்ததுதான் இந்த ஜப்பான் படம். கொட்டும் மழைக்குள் ஒருவன் தோணி தள்ளுகிறான். நல்ல விலை போனால் சம்மட்டியை எறிந்துவிட்டு ஒரு கொங்கிறீட் மிக்சர் வாங்கலாம்.

ஹோட்டலில் வேலை செய்யும் மைத்துனி சர்மிலா, அங்கே தங்கியிருந்த ஜப்பான்காரப் பெண்மணி ஒருவரைக் கூட்டிவந்தாள். நூதனசாலையில் பழைய படங்களுக்கு மதிப்புச் சொன்னவராம். அவர் கண்ணாடிக்கு மேலாகவே பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"மெசின்ல அடிச்ச கொப்பியா இருக்குமாம், அத்தான். அப்பிடிக் கனக்க வந்திருக்காம்."

"அப்ப பெற்றோல் காசை இந்தத் தோணிக்காரனிட்டத்தான் கேக்கணும்" என்றான் நஸீர்.

எதற்கும் கழற்றிப் பார்க்கச் சொன்னார் அந்த அம்மா. ஜொய்சன் சாவியால் ஆணிகளை நெம்பிப் பின்பலகையை எடுத்தான். எடுத்த கை அப்படியே நின்றது. நிறம் தாளின் பின்னால் ஊறியிருந்தது. அதன்மேல் வட்டம் வட்டமாகத் தேய்த்த தடங்கள்.

"நஸீர், இஞ்ச பாரு. பூசின சுவரைப் பலகையால தேய்ச்சா விழுற தடம்தானே இது? ஆரோ கையால அழுத்தியிருக்கான். மெசின் ஏன்டா வட்டம் போடுது?"

சர்மிலா அதை இங்கிலீசில் சொல்லி முடிக்குமுன்பே அந்த அம்மா குனிந்துவிட்டார். கைபேசி வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தார். மழைக்கோடுகள் ஒவ்வொன்றும் தாளில் பள்ளமாக இறங்கியிருந்தன. மூச்சு விடாமல் பேசினார், சர்மிலா தமிழில் சொன்னாள்.

"மரப்பலகையில செதுக்கி, மை பூசி, தாளை வச்சுக் கையால தேய்ச்சதாம். நூற்றைம்பது வருசத்துக்குக் கிட்ட இருக்குமாம். மூண்டு லட்சத்துக்குக் குறையக் குடுக்க வேணாமாம்."

"திரும்பக் கேளு" என்றான் ஜொய்சன். திரும்பவும் மூன்று லட்சம்தான். நஸீர் எழும்பினான், இருந்தான், பிறகும் எழும்பினான்.

"வாழைச்சேனையில ஒரு மிக்சர் விலைக்கு நிக்குது மச்சான். சரியா மூண்டு லட்சம். இப்பவே போய்ச் சொல்லி வைப்பம்."

ஜொய்சனுக்கும் கால் நிலத்தில் இல்லை. இருந்தும் படத்தைத் துவாயில் சுற்றியபடி சொன்னான்:

"பாதிக் காசுக்கு மிக்சர் வராது."

"எந்தப் பாதி? ரீச்சர் தந்ததுதானே."

"மூண்டு நாள் கூலிக்குத் தந்தவ, விலை தெரியாம. பாதி, ஒண்டரை லட்சம், பீற்றிஸ் ரீச்சருக்கு நாங்க கடன்."