சிவப்புக் கதவின் பின்பக்கம்

கண்காட்சியில், துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த ஒட்டுப்போர்வைகளைத் தொடும் உரிமை வெள்ளைக் கையுறை போட்ட தொண்டர்களுக்கு மட்டும்தான். பின்பக்கத் தையலைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அவர்கள்தான் ஓரத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். எந்த வரிசையைக் கண்ணால் பார்க்கவும் தொண்டராக வந்த லவோனுக்குப் பிடிக்கவில்லையோ, அதுவே அவள் பங்குக்கு விழுந்தது. அதன் நடுவில் அவள் தோழி ட்வைலாவின் போர்வை தொங்கியது.

சேற்று நிறத்தில் ஒஹாயோ ஆறு. காவி, சாம்பல், காய்ந்த புகையிலை நிறத் துண்டுகளெல்லாம் சேர்ந்து வெள்ளமாகப் புரண்டன. நடுவே நிமிர்ந்து மிதக்கும் ஒற்றைச் சிவப்புக் கதவு. கதவு மூடியிருந்தது, ஆனால் கீழ் இடுக்கில் மஞ்சள் வெளிச்சம். ‘போனவர்கள் உள்ளே விளக்கை அணைக்கவில்லை’ என்று பக்கத்து அட்டையில் ட்வைலா எழுதியிருந்தாள்.

அந்தக் கதவை முதலில் பார்த்தவள் லவோன். வெள்ளத்தன்று பாலத்தில் நின்று, “அங்க பாருடி, யார் வீட்டுக் கதவோ போகுது” என்று காட்டியது அவள் கைதான். காட்டியவள் வீட்டுக்குப் போய் சூப் வைத்தாள். பக்கத்தில் நின்றவள் போர்வை தைத்தாள். லவோன் அனுப்பிய ஊதா நாரைப் போர்வையைத் தேர்வுக்குழு திருப்பி அனுப்பிவிட்டது.

“ஆத்துத் தண்ணி வாடையே அடிக்குதுல்ல?” என்றார் ஒரு தொப்பிக்காரர்.

“மத்தியானம் தின்ன மீன் வறுவலா இருக்கும்,” என்றாள் அவர் மனைவி. “ஏங்க, பின்பக்கம் கொஞ்சம் காட்டறீங்களா?”

லவோன் இடதுபக்கக் கீழ் மூலையைத் தூக்கினாள். ட்வைலா வீட்டில் எல்லோரும் போர்வையை இழுத்துக் கட்டிய சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து தைத்த ஞாயிற்றுக்கிழமை, அந்த மூலைத் தண்ணீருக்குத் தையல் ஓட்டியவள் அவள். இத்தனை பெருமையில் அவளுக்கு என்று இருந்தது அந்த ஒரு முழம்தான்.

ஆனால் அங்கே இருந்த தையல் அரிசிக் குருணைபோல் ஒரே சீராக இருந்தது. அவளுடையது இல்லை. பக்கத்திலேயே வரிசை வரிசையாக வெறும் ஊசித் துளைகள். நெருக்கமாக நெய்த துணி அது, ஒருமுறை குத்தினால் வடு தானாகப் போகாது. அவள் போட்ட தையல் அத்தனையையும் பிரித்துவிட்டு ட்வைலா மறுபடி தைத்திருக்கிறாள். அன்றைக்கு வாசல்வரை வந்து கட்டிப்பிடித்து, “நீ இல்லன்னா நான் என்னடி பண்ணுவேன்” என்றவள்!

பார்வையாளர்கள் போடும் ஓட்டில்தான் மக்கள் பரிசு. அந்தத் துளைகளை எல்லோரும் பார்க்கட்டும். கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் அதே மூலையைத் தூக்கிக் காட்டினாள்.

கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த ஒருத்தி குனிந்தாள். “இதென்ன, அம்மைத் தழும்பு மாதிரி?”

“பிரிச்சுத் தச்சிருக்காங்க,” என்றாள் லவோன் ஆசையாக.

“ஓ, கூடத் தைக்க வந்தவ யாரோ கெடுத்து வச்சிருக்கா! எங்க குழுவுலயும் ஒருத்தி இருக்கா. கையா அது, மண்வெட்டி! அவ காப்பி குடிச்சு முடிக்கிற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே இருப்போம். கார் கிளம்பினதும் பிரிச்சிடுவோம்.”

கூட வந்தவள் சிரித்தாள். “பாவம்டி, அவளுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா மறுபடி வருவாளா? இந்தம்மா எவ்வளவு பொறுமையா சரிபண்ணியிருக்காங்க பாரு. என் ஓட்டு கதவுக்குத்தான்.”

அதன்பிறகு லவோன் வலது மூலையை மட்டுமே தூக்கினாள்.

கூட்டம் சாப்பிடப் போனதும் கையுறையைக் கழற்றினாள். இடது மூலையைப் புரட்டி, நகத்தால் துளைகளின்மேல் குறுக்கும் நெடுக்கும் தேய்த்தாள். இழைகள் நகர்ந்து ஒரு துளை மூடியது. பிறகு இன்னொன்று.

“ஐயோ, வெறுங்கையாலயா!” இரண்டு எலுமிச்சைச் சாற்றுக் குவளைகளோடு ட்வைலா நின்றிருந்தாள். எந்த மூலை என்று பார்த்ததும் அவள் முகம் கதவின் நிறத்துக்கு மாறியது. “லவோன்... அது வந்து...”

“பேசாத.”

“எனக்காகவாடி தேய்ச்சுக்கிட்டு இருக்க?”

“உனக்காக இல்ல.”

ட்வைலாவின் கண் கலங்கியது. குவளைகளைத் தரையில் வைத்துவிட்டு, அவளும் குனிந்து தேய்க்கத் தொடங்கினாள். அவள் நகம் பட்ட இடத்தில் துளைகள் இன்னும் சீக்கிரமாக மூடின.

லவோன் அதையும் கவனித்தாள்.