சட்டியை விட்டு இறங்கிய கிழங்கு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு காட்டு லில்லி மேல் எப்போது பைத்தியம் பிடித்தது என்று கேட்டால், அவர் மனைவி தலையில் கைவைத்துக்கொள்வாள். மலையேறப் போன மனுஷன் ஒரு பிடி விதையோடு வந்தார். முளைத்துத் தேறியது ஒன்றே ஒன்று. பூக்கும் பருவம் வரும்வரை வருஷத்துக்கு ஒற்றை இலைதான் விடும், வெயில் ஏறியதும் அதுவும் காய்ந்துவிடும். மண்ணுக்குள் கிழங்கு தூங்கும் அந்த மாதங்களில் தண்ணீர் பட்டால் அழுகிப்போகும். இப்படிப் பல வருஷம் சீராட்டினால்தான் பூ.

"பிள்ளையா இருந்தா இந்நேரம் பள்ளிக்கூடம் போயிருக்கும்" என்பார், கூடவே இருக்கும் மாமனார். அவருக்குப் புதினாதான் உயிர். காலிச் சட்டி கண்ணில் பட்டால் அதிலும் நட்டுவிடுவார்.

இந்த வருஷம் பூத்தே தீரும் என்று மெக்கானிக் வேலையிடமெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தார். குளிர் போயும் இலை வரவில்லை. பின்முற்றத்து மணல் தொட்டியில் பாதி புதைத்திருந்த சட்டியை எடுத்துக் கவிழ்த்தார். மண்தான் இருந்தது, கிழங்கைக் காணோம். பக்கத்தில் புதினா தளதளவென்று நின்றது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"புதினாவுக்கு மண் வேணும்னு கிளறினீங்களா மாமா?"

"உங்க சட்டிய நான் தொட்டதே இல்ல மாப்ள."

"அப்ப அதுவா எழுந்து நடந்து போயிடுச்சா?"

மாமனார் முகம் சுண்டிப்போனது. அன்றிலிருந்து இருவரும் பின்முற்றத்தை எட்டிப் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு கேட்பதுகூட மனைவி மூலமாகத்தான். "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா?" என்று அவள் சிடுசிடுத்தாள்.

ஒரு நாள் காலையில் மனசு கேட்காமல் புதினாவைப் பார்க்கப் போன மாமனார், கோபத்தை மறந்து கத்தினார்.

"மாப்ள! ஓடியாங்க!"

சட்டி இருந்த பள்ளத்தில் மணலைப் பிளந்துகொண்டு இரண்டு இலைகள். நடுவே மஞ்சளாய் ஒரு பூ, தலையைக் குனிந்துகொண்டிருந்தது.

குளிர்ச்சி தேடி வருஷா வருஷம் கீழே இறங்குவது இந்தக் கிழங்கின் குணம். அது வெளியே நழுவிவிடாமலிருக்கச் சட்டியின் அடி ஓட்டைக்கு மேல் வலை வைப்பார்கள். மெக்கானிக் வைக்க மறந்திருந்தார்.

"லிஃப்ட்காரர் வீட்டுக் கிழங்காச்சே" என்றார் மாமனார். "அதான் ஒரு மாடி கீழ இறங்கிடுச்சு."

பூவின் முகத்தைப் பார்க்க மெக்கானிக் தரையோடு தரையாகப் படுத்தார். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக முட்டின. "மாமா, உங்களப் போய்ச் சந்தேகப்பட்டு... மன்னிச்சிடுங்க."

பக்கத்தில் தொப்பென்று ஏதோ விழுந்த சத்தம். திரும்பினால், முழங்கால் வலிக்காரரான மாமனாரும் மண்ணில் படுத்திருந்தார்.

"அதெல்லாம் அப்புறம் கேளுங்க. முதல்ல தலைய நகர்த்துங்க மாப்ள. இத்தன வருஷம் நானும்தான் காத்திருந்தேன்."