பீச் காப்ளர் கருகிய ஞாயிறு

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கதையாகியிருக்க வேண்டியதே இல்லை. ஒரு பத்திரிகை கோடைக்கு ஏற்ற இனிப்பு ஒன்றின் செய்முறை கேட்டது. அக்கா செய்யும் பீச் காப்ளர் ஞாபகம் வந்தது. பழத்துண்டுகளைச் சர்க்கரையில் புரட்டித் தட்டில் பரப்பி, மேலே வெண்ணெய் சேர்த்த மாவைக் கரண்டி கரண்டியாகப் போட்டு அவனில் வேகவைப்பது. (‘அவனில்’ என்று எழுதும்போதெல்லாம் யாரோ ஓர் ஆள் குறுக்கே வந்து நிற்கிறான். இனி அடுப்பு என்றே எழுதுகிறேன்.) பக்கத்தில் நின்று குறித்துக்கொள்ளலாமென்று ஞாயிறு மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். குறிப்பேட்டில் மூன்று வரிக்கு மேல் இல்லை.

2

முதல் தொடக்கம்: ‘கோடையில் கனிந்த பீச் பழத்தின் மணம் வீடெங்கும்...’

அடித்துவிட்டேன். காரணம் நான்காம் பகுதியில் தெரியும்.

இரண்டாம் தொடக்கம்: ‘அக்கா ஒரு மருத்துவமனைச் சமையலறையின் தலைமைச் சமையல்காரி. தினமும் இருநூறு நோயாளிகள் அவள் சமையலைச் சாப்பிடுகிறார்கள்.’

இது நிற்கட்டும். (மருத்துவமனையை மாணவர் விடுதியாக மாற்றி அவளை மறைத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விடுதி என்றால் பாதிப் பயம் போய்விடுகிறது.)

3

கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்ததும் பழங்களின் தோல் சட்டை கழற்றுவதுபோல் வந்தது. அக்கா ஒவ்வொன்றையும் என் மூக்கருகே நீட்டினாள்.

“இது கனிஞ்சிருக்கா, சொல்லு.”

“உனக்குத் தெரியாததா?”

“எழுதப்போறவ நீதானே. நீயே மோந்து பாரு.”

பால் பாட்டிலையும் நீட்டினாள். “கெட்டுப் போகலையே?”

என் அபிப்பிராயத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். எழுதுகிறவர்களுக்கு இந்த வியாதி உண்டு.

தட்டு அடுப்புக்குள் போனது. அத்தான் வாசலில் சைக்கிள் சங்கிலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசிக்கொண்டே மாடிக்குப் போனேன். அக்கா அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

4

படியிறங்கும்போதே நெடி மூக்கில் ஏறியது. பாகு பொங்கி வழிந்து அடுப்பின் அடியில் தீய்ந்துகொண்டிருந்தது. அக்கா பென்சிலைக் கடித்தபடி, “நாலெழுத்துப் பறவை ஒண்ணு சொல்லேன்” என்றாள்.

“அக்கா, கருகுது!”

துள்ளி எழுந்து கதவைத் திறந்தாள். புகை முகத்தில் அடித்தது. இருமினாள், கண்ணில் நீர் வந்தது. ஆனால் முகம் சுளிக்கவில்லை.

“உனக்கு வாசனை தெரியலையா?”

அக்கா தட்டை வெளியே எடுத்து மேடையில் வைத்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தாள்.

“எப்போலேருந்து?”

“அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அப்போலேருந்து. எட்டு மாசம்.” குரலை இறக்கினாள். “போன வாரம் கெட்டுப்போன பாலை அண்டாவுல ஊத்திட்டேன்டி. கூட நின்னவ கண்டுபிடிச்சா. அவ அன்னைக்கு லீவுல இருந்திருந்தா?”

(இந்த இடத்தில் நான் ஆறுதல் சொன்னதாக எழுதியிருந்தேன். சொல்லவில்லை. புகை போக ஜன்னலைத் திறந்தேன்.)

அத்தான் கையில் கிரீசோடு உள்ளே வந்தார். “என்ன, தெருவே நாறுது?”

“நான்தான் கவனிக்கல அத்தான்” என்றேன்.

“அவ பொய் சொல்றா” என்றாள் அக்கா. “எனக்கு வாசனையே தெரியறதில்லைங்க. எட்டு மாசமாச்சு.”

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, “அப்போ நான் சமைச்சப்பல்லாம் வாசனையே ஆளைத் தூக்குதுன்னு சொன்னியே?” என்றார்.

“சும்மா சொன்னேன்.”

மூன்று பேருமே சிரித்துவிட்டோம். அக்காவின் சிரிப்பு மட்டும் பாதியில் அழுகையாகிவிட்டது. அத்தான் கிரீஸ் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்கையால் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

மேலே கருகிய மாவைச் சுரண்டிவிட்டுச் சாப்பிட்டோம். அக்கா மெதுவாக மென்றாள். “இனிப்பு தெரியுது. புளிப்பு தெரியுது. பீச்சுன்னுதான் தெரியல.”

5

முடிவுகள்:

அ) மேலாளரிடம் சொல்கிறாள். அவர் தட்டிக்கொடுத்து வேறு வேலை தருகிறார். (எனக்கே நம்பிக்கையில்லை.)

ஆ) சொல்லாமல் இருந்துவிடுகிறாள். ஒருநாள் வார்டில் ஒரு நோயாளி...

(கை வரவில்லை.)

இ) வாசனை திரும்பி வந்துவிடுகிறது. (ஆசைதான்.)

திங்கட்கிழமை காலை, இ)யை அடிப்பதா வேண்டாமா என்று நான் அறைக்குள் நடந்துகொண்டிருந்தபோது அக்கா அழைத்தாள்.

“மேலாளர் ரூம் வாசல்ல நிக்கிறேன். நேத்து நடந்ததை எழுதறியா?”

“ஆமா.”

“என்ன முடிவு வெச்சிருக்கே?”

“மூணு வெச்சிருக்கேன்.”

“மூணையும் அடி. இருபத்திரண்டு வருஷமா நான் நிக்கிற சமையலறை அது. உள்ள போய் நான் என்ன சொல்றேனோ அதுதான் முடிவு. நீ அதுல தலையிடாதே.”

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. “வாங்க” என்றது ஓர் ஆண்குரல். அக்கா தொலைபேசியை அணைக்க மறந்துவிட்டாள். நாற்காலி இழுபட்டது. “சார், ஒரு விஷயம்” என்றாள்.

இணைப்பை நான்தான் துண்டித்தேன்.