இன்னும் கொஞ்சம் புகழுங்க

முப்பது வருடமாகத் தேர்தல் விளம்பரங்களில் எதிராளியைத் திட்டிவந்தது ஒரே ஆளின் குரல்தான். எல்லாக் கட்சிக்கும் குரல்காரர் அவரே. முட்டை அட்டை ஒட்டிய பீரோ அளவு ஒலிப்பதிவு அறையில் நின்று, பெயரைச் சொல்லி ஒரு மூச்சு நிறுத்துவார். பிறகு கடைசிச் சொல்லைக் கிணற்றுக்குள் இறக்குவார். பொய்கூட வேண்டாம். அந்த ஒரு மூச்சுக்குள் கேட்பவனே ஒரு கொலையைக் கற்பனை செய்துகொள்வான். ஒருமுறை ரயில் நிலையத்தில் ஆள் வராததால் இவரை அறிவிப்புச் செய்யச் சொன்னார்கள். ஏறி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள். ஓட்டுநர்தான் முதலில் இறங்கினார் என்பது மிகை, இரண்டாவதாகத்தான் இறங்கினார்.

தாளில் யார் பெயர் என்று பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. போன தேர்தலில் அப்படித்தான் தங்கை புருஷனையே திட்டித் தீர்த்துவிட்டார். ஓவிய வாத்தியாரான மாப்பிள்ளை மண்ணைக் கவ்வினார். தங்கை பேச்சை நிறுத்தினாள். எத்தனையோ பேரைக் கவிழ்த்த மனிதருக்குத் தங்கை வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் இடமில்லாமல் போய் ஐந்து வருடம்.

இந்தத் தேர்தலிலும் மாப்பிள்ளை நின்றார். யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன் என்றார். ஊர், பாவம் உடம்புக்கு என்னவோ என்று விசாரித்தது. தங்கை நேரே ஒலிப்பதிவு அறைக்கு வந்தாள்.

"நீ கெடுத்த பேரை நீயே சரி பண்ணு. அப்புறம் வீட்டுக்கு வா."

குரல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: "இவர்... முப்பது வருடம் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத... ஆசிரியர்."

ஒலிபெருக்கி வண்டி மூன்று தெருதான் சுற்றியது.

"லீவே போடலியாமேய்யா! அந்த ஸ்கூல்ல அப்படி என்னத்தப் பதுக்கி வெச்சிருக்கான்?" என்றார் முடிதிருத்துபவர்.

"சொந்த வீட்டுலதான் குடியிருக்காராம். கேக்கவே நெஞ்சு பதறுது" என்றார், பாதி சவரத்தில் இருந்தவர்.

குரல்காரர் வாயில் கற்கண்டு போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தார். சிரித்துக்கொண்டே படித்துப் பார்த்தார்.

"சிரிக்காதீங்க சார், இன்னும் பயமா இருக்கு" என்று ஒலிப்பதிவாளர் கும்பிட்டார்.

மூன்றாம் நாள் எதிர்வேட்பாளரின் பிரசார மேலாளர் வந்தார். முகத்தில் அப்படியொரு சாந்தம்.

"உங்க மாப்பிள்ளைய இன்னும் கொஞ்சம் புகழுங்க சார். செலவு எங்களோடது. நாங்களும் நாகரிகத்துக்கு மாறிட்டோம்."

"போய்யா வெளிய!" என்றார் குரல்காரர், நடுவில் மூச்சுவிடாமல். மேலாளர் ஓடிய ஓட்டத்தில் செருப்பு மட்டும் மறுநாள் பக்கத்து ஊரில் கிடைத்தது. குரல்காரர் தெருவுக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த வண்டியை மறித்து ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கி எறிந்தார். பிறகு தங்கை வீட்டு வாசலில் நின்று நடந்ததைச் சொன்னார். அவள் உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளைதான், "விடுங்க மச்சான், நானே வீடு வீடாப் போய்ச் சொல்லிக்கிறேன்" என்றார்.

அவருக்குக் கொசு மாதிரிக் குரல். அவர் பேச்சைக் கேட்க ஜனங்கள் மின்விசிறியை நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்தியவர்கள் ஓட்டுப் போட்டார்கள்; வெயில் காலமாதலால் பலர் நிறுத்தவில்லை. பதினொரு ஓட்டில் தோற்றார். ஜெயித்தவர் மேடையேறி, நாகரிக அரசியல் வென்றது என்று முழங்கினார். அதே மூச்சில் மூன்று பேரைத் திருடன் என்றார். கைதட்டல் அந்த மூன்றுக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை தங்கையே வந்து கதவைத் தட்டினாள்.

"பேர் ஒண்ணும் சரியாகல. ஆனா எதிர்க்கட்சிக்காரன் குடுக்க வந்தத வேண்டாம்னு சொல்லிட்டு வயரப் பிடுங்குனியே, அதுக்கு ஒரு வேளை சோறு போடலாம். வா. ஆனா வாயத் திறக்கக்கூடாது, பிள்ளைங்க பயப்படும்."

குரல்காரர் போய் உட்கார்ந்தார். சாப்பாடு பிரமாதமாக இருந்தது. அதைச் சொல்லிவிடத் துடித்த வாயை இறுக மூடிக்கொண்டு, துளி மிச்சமில்லாமல் வழித்த தட்டைத் தங்கையிடம் தூக்கிக் காட்டினார்.