மடிக்கணினியின் புத்தாண்டு

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, ஒட்டுக்கேட்டேன். மெர்காட்டோ சந்தையில் ஷிஃபெராவின் கணினிக் கடைக்குள் இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் நிற்க வேண்டியதுதான். என் மடிக்கணினியின் மேல் நானே தேநீரைக் கொட்டிவிட்டு, அது காயட்டும் என்று அங்கே உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்தில் அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்காமல் இருப்பதுதான் பெரிய வேலை.

சரி, தொடங்குகிறேன்.

மழை ஓய்ந்து, அடிஸ் அபாபாவின் மேடுகளெல்லாம் மஞ்சள் பூ பூத்துக் கிடந்த புத்தாண்டு வாரத்தில், வுபலெம் என்ற பெண் தன் இதயத்தையே கையில் சுமந்தபடி—

[வேண்டாம். அவள் சுமந்துவந்தது பழைய, கனத்த மடிக்கணினி. குழந்தையைச் சுற்றுவதுபோல் வெள்ளைச் சால்வையில் சுற்றியிருந்தாள். இதயம் கிதயம் என்று எழுதினால் அவளே என்னை வெளுத்துவிடுவாள்.]

2

"என்னக்கா ஆச்சு இதுக்கு?" என்றான் ஷிஃபெராவ்.

"எழுந்திரிக்க மாட்டேங்குது."

"கீழ விழுந்துச்சா?"

"நான்தான் விழுந்து கிடக்கேன். அது வச்ச இடத்துலதான் இருக்கு."

அவன் பொத்தானை அழுத்தினான். விளக்கு இல்லை, விசிறிச் சத்தம் இல்லை. சார்ஜரை மாற்றினான். அடியில் இருந்த பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பொத்தானை விரல் வெளுக்கும்வரை அமுக்கிப் பிடித்தான். பிறகு நினைவகப் பட்டையை உருவி, பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பான் ஒன்றால் அதன் பொன்னிறப் பல்வரிசையைத் தேய்த்து மாட்டினான். பெட்டி அசையவில்லை.

"கவலைப்படாதக்கா. என் கை பட்டா செத்ததும் எழுந்து உக்காரும்."

"என் ரேடியோவுலயும் உன் கைதான் பட்டுச்சு. இன்னும் படுத்தே கிடக்கு," என்றாள் எதிரே நடைவழியில் புல் பரப்பிக் காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்த ஸெனெபெச். வந்தவளை உற்றுப் பார்த்தாள். "நீ அந்த நாடகக்காரிதானே? ஷிதாயே கதவைத் திறப்பாளா மாட்டாளா, அத மட்டும் சொல்லு. இன்னைக்குக் காப்பி என்னோடது."

ஷிதாயே யாரென்று இந்த ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். வாராவாரம் வானொலியில் வரும் நாடகத்தின் நாயகி அவள். அவள் புருஷன் அவளை விட்டுப் போனவன். கடைசி வாரத்தில் அவன் திரும்பி வந்து கதவைத் தட்டப் போகிறான். அந்த நாடகத்தை எழுதுபவள் வுபலெம். மறுநாள் பதிவு. கடைசிப் பகுதியோ செத்த பெட்டிக்குள்.

"எனக்கே தெரியாதுடி. புத்தாண்டு காலையில ஒரே மூச்சா எழுதினேன். கை எழுதுச்சு, தலை தூங்கிடுச்சு. முடிச்சதும் மனசு அப்படியே நிறைஞ்சு போச்சு, அது மட்டும்தான் ஞாபகம்."

"மறுபடி எழுதிட்டுப் போயேன்," என்றாள் ஸெனெபெச்.

"எழுதலாம். ஆனா அன்னைக்கு நான் என்ன முடிவு பண்ணினேன்னு எனக்குத் தெரியணும்."

3

இங்கே அஸ்ராத்தைக் கொண்டுவந்தாக வேண்டும். எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

வுபலெமின் கணவன். பக்கத்து நாடான ஜிபூத்திக்கு லாரி ஓட்டிப் போனவன், ஏழு வருடமாக அங்கேயே தங்கிவிட்டான். [முதல் வரைவில் அவனுக்கு ஜிபூத்தியில் ஒருத்தியை வைத்தேன். அவள் வந்த பக்கத்திலிருந்து கதை அவள் பின்னாலேயே போனதால் எடுத்துவிட்டேன். வுபலெமும் அப்படி ஒருத்தி இருந்ததாகச் சொல்லவில்லை.] போன மாதம் அவனிடமிருந்து செய்தி வந்தது. நாடகத்தை அங்கிருந்தே கேட்கிறானாம். ஷிதாயே கதவைத் திறந்தால் ஊருக்கு வண்டி ஏறுவானாம், திறக்காவிட்டால் இனி தொந்தரவு செய்ய மாட்டானாம்.

என்ன தைரியம் பாருங்கள். மன்னிப்பைக்கூட வானொலியில் கேட்டுத் தெரிந்துகொள்வானாம்.

ஆனால் வுபலெம் அதை எங்களிடம் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. ஸெனெபெச் காப்பிக்குப் பக்கத்தில் போட்ட சாம்பிராணிப் புகைக்குள் அவள் முகம் கரைந்து கரைந்து தெரிந்தது. பெட்டிக்குள் இருப்பது நாடகத்தின் முடிவல்ல, அவள் அவனை மன்னித்தாளா என்பது. அது அவளுக்கே தெரியவில்லை.

4

முதல் கோப்பை முடிந்தது. அதே தூளில் தண்ணீர் ஊற்றி ஸெனெபெச் இரண்டாவதற்கு வைத்தாள். மூன்று கோப்பை ஆகும்வரை எழுந்திருப்பது மரியாதை இல்லை. மூன்றாவதில்தான் ஆசீர்வாதம். [இந்தக் கதையும் அதே தூளில் மூன்றாம் தடவையாக ஊற்றிய தண்ணீர்தான். முதலிரண்டு வரைவும் குப்பைக்குப் போயின.]

"சாகுறதுக்கு முன்னாடி இந்தப் பெட்டி எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா?" என்றாள் வுபலெம். "புத்தாண்டு அன்னைக்கு, விடியுற நேரம். திறக்கிறேன், மூலையில தேதி: ஒண்ணு, ஒண்ணு, 2017. மணி பன்னிரண்டு. நம்ம கணக்கு. அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்."

[வெளியுலகம் 2024 செப்டம்பர் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது எங்கள் எத்தியோப்பிய நாட்காட்டியில் 2017 பிறந்தது. சூரியன் எழும் நேரம் எங்களுக்குப் பன்னிரண்டு மணி.]

"அமெரிக்காவுல நம்ம பசங்க நிறையப் பேர் இருக்காங்கல்ல. கம்ப்யூட்டர் கம்பெனிக்குச் சொல்லிக் குடுத்திருப்பாங்க," என்றான் ஷிஃபெராவ் பெருமையாக.

ஸெனெபெச் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். இருபது வருடமாக இந்த ஊரில் கணக்கு வாத்தியார் நான்.

இந்த இடத்தில் என் எழுத்து எப்போதும் தூங்கிக் கனவு காணத் தொடங்கிவிடுகிறது. இரண்டு 2017 இருக்கின்றன. வெளியுலகத்தின் 2017 தொடங்கியபோது அஸ்ராத் வீட்டில் இருந்தான். கண்ணாடி முன்னால் முகம் மழித்துக்கொண்டே, அடுப்படியில் நிற்பவளிடம் ஏதோ கேட்பான். எங்கள் 2017-இல் சுவரில் அந்தக் கண்ணாடி மட்டும் தொங்குகிறது. பெட்டி எந்த 2017-இல் கண்விழித்ததோ. அவள் அதற்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறாள், பின்னால் யாரோ முகம் மழிக்கும் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்கிறது, அவள் திரும்பிப் பார்—

"கடிகாரம்!" என்று ஷிஃபெராவ் தலையில் அடித்துக்கொண்டான்.

5

இரண்டாவது கோப்பை அவன் கையிலேயே ஆறிவிட்டது.

"அக்கா, அது நம்ம கணக்கு இல்ல. உள்ள நேரத்தை வச்சிருக்கிற பொட்டு பேட்டரி செத்துப்போச்சு. அது செத்தா பெட்டி தான் பொறந்த வருஷத்தோட முதல் நாள், நடுராத்திரி பன்னிரண்டுக்குத் திரும்பிப் போயிடும். இது அவங்களோட 2017-ல செஞ்சது."

"அப்ப அது வாழ்த்தலையா?"

"சாகப்போறேன்னு சொல்லியிருக்கு. நாமதான் கை தட்டியிருக்கோம்."

வெள்ளிக்காசு போன்ற அந்தப் பேட்டரியை எடுத்து எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பொருத்தினான். பொத்தானை அழுத்தினான். விசிறி மூச்சு விட்டது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, இன்று என்ன தேதி என்று கேட்டது.

"எந்தக் கணக்குப் போடட்டும்?"

"எதையோ போடுடா. நாடகத்தைத் திற."

திறந்தான். வுபலெம் பெட்டியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குப் போனாள். ஸெனெபெச் மூன்றாவது கோப்பைகளை ஊற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"என்னடி போட்டிருக்கு?"

"கதவு தட்டப்படும் சத்தம். ஷிதாயே எழுந்திருக்கிறாள்."

"அதுக்குக் கீழ?"

"ஒண்ணுமில்ல."

வுபலெம் சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அப்பத்தான் புத்தாண்டுப் பாட்டுப் பாடுற பொண்ணுங்க வந்து கதவைத் தட்டுச்சுங்க. நான் எழுந்து திறந்தேன். வாசல் நிறையப் பூ. ரொட்டி குடுத்தேன், அதுங்களோட நானும் பாடினேன். திரும்பி வந்தா கரண்டு இல்ல, பெட்டியும் இருட்டு. கதவைத் திறந்தது ஷிதாயே இல்லடி. நான். மனசு நிறைஞ்சதும் அதனாலதான்."



6

முடிவு ஒன்று: வுபலெம் அங்கேயே உட்கார்ந்து எழுதுகிறாள், ஷிதாயே திறக்கிறாள்— [அடித்துவிட்டேன். அஸ்ராத்துக்கு நான் இவ்வளவு நல்லவனாக இருக்க வேண்டியதில்லை.]

முடிவு இரண்டு: திறக்கவில்லை, நகரமே எழுந்து நின்று— [இதையும். கைதட்டல் எனக்கு இனிக்கும். தனியாகத் தூங்கப் போவது அவள்.]

நடந்தது இவ்வளவுதான். அவள் மடியில் இருந்த கைபேசி அதிர்ந்தது. திரையில் அஸ்ராத்தின் பெயர். எடுக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. ஒரு கையில் கோப்பை. மறு கையின் விரல்கள், எழுதாமல் விட்ட அந்த வெள்ளைத் திரைக்கு முன்னால், விசைகளைத் தொட்டும் தொடாமலும் இருந்தன.

"காப்பி முடியட்டும்," என்றாள், யாரிடம் என்று தெரியவில்லை.

நானோ எழுத்தாளப் புத்தியில், பரபரப்பில் என் மூன்றாவது கோப்பையை ஒரே மடக்கில் குடித்துவிட்டிருந்தேன். மூன்றும் முடிந்த பிறகு அங்கே உட்கார்ந்திருக்க எனக்கு ஒரு சாக்கும் இல்லை.

"வாத்தியாரே, உங்களோடது காயறதுக்கு நாளைக்காகும்," என்றான் ஷிஃபெராவ்.

எழுந்து வந்துவிட்டேன். படிக்கட்டு இறங்கும்வரை கைபேசி அதிர்வது கேட்டுக்கொண்டிருந்தது.

வாசகரே, உங்கள் கோப்பை அங்கேயே இருக்கிறது, சூடாக. ஸெனெபெச் உங்களுக்கும் ஊற்றினாள், நான்தான் சொல்லவில்லை. மெதுவாகக் குடியுங்கள். அது தீரும்வரை உங்களை யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள்.